நிறைக்கு நிறை

என் மனைவி ஞானாம்பிகை பருமனானவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒருகாலத்தில் அவளுக்கும் இருந்ததில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த என் தமக்கை, "தம்பி, நீ ஈர்க்கு, அவள் உரல். யோசிச்சுச் செய்" என்றாள். யோசித்துத்தான் செய்தேன். கொக்குவிலில் அவளுடைய சீதன வீட்டில் ஈர்க்கும் உரலும் சண்டை பிடித்துக்கொண்டு நன்றாகவே குடும்பம் நடத்தின. நான் மூன்று வேளையும் கோப்பை வழியத் தின்றேன், ஒரு சுற்றுச் சதை வைக்கவில்லை. அவள் நான் தின்பதில் பாதிதான் தின்பாள். அந்தப் பாதி அவளிடம் எங்கே போய் ஒட்டியது என்பது எங்கள் இருவருக்கும் விளங்காத சங்கதி.

நான் பஞ்சலிங்கம். யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் பார்சல் கிளாக்கராக இருந்தேன். மாம்பழக் கூடை, புகையிலைச் சிப்பம், கருவாட்டுப் பெட்டி, கொழும்பில் படிக்கிற பிள்ளைக்குத் தாய் கட்டிக் கொடுத்த பலகாரப் பெட்டி, எல்லாம் என் தராசில் ஏறிய பிறகுதான் கொழும்பு ரயிலான யாழ்தேவியில் ஏறும். நாளடைவில் எனக்குத் தராசே தேவைப்படவில்லை. பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து இத்தனை இறாத்தல் என்பேன். போர்ட்டர்மார் தேத்தண்ணிக்குப் பந்தயம் கட்டித் தோற்பார்கள். ஆனாலும் எழுதுவது தராசு சொன்னதைத்தான். என் மைத்துனர் ஒருமுறை நாலு பெட்டி மாம்பழத்தை மூன்று பெட்டி நிறைக்கு எழுதச் சொன்னார். "மச்சான், உந்தக் கதையை விடும்" என்றேன். அன்று தொட்டு அவர் என்னோடு கதையில்லை. நிறையில் பொய் சொல்லாதவன் என்ற பேர் ஒன்றுதான் அந்த உத்தியோகத்தில் நான் தேடிய தேட்டம்.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதன் வெளிமண்டபத்தில் பெரிய தராசு ஒன்று தொங்கும். அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்துக்குப் புகையிலை ஏற்றிய வியாபாரி ஒருவர், அந்தப் பக்கத்துக் கோயில்களில் துலாபாரம் கொடுப்பதைக் கண்டு வந்து, தான் புகையிலை நிறுத்த தராசையே பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டாராம். அதிலிருந்து எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு இந்த வழக்கம். உயிருக்கு ஆபத்து என்றால், காப்பாற்றிவிடு, நிறைக்கு நிறை தருகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். ஒரு தட்டில் ஆள், மறுதட்டில் வாழைக்குலையோ தேங்காயோ அரிசியோ. ஆளிருக்கிற தட்டு நிலத்தை விட்டுக் கிளம்பிச் சரிமட்டத்துக்கு வந்தால் ஐயர் மணி அடிப்பார். நேர்த்தி முடிந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் இந்திய ஆமியோடு சண்டை தொடங்கிய அன்று நான் பட்டினத்தில் நின்றேன். வீட்டுக்கு வர வழியில்லை. ஷெல் விழ விழக் குருநகர்ப் பக்கம் ஓடி, ஒரு தேவாலயத்துக்குள் சனத்தோடு சனமாக அகப்பட்டுக்கொண்டேன். அங்கே சின்னத்தங்கம் என்ற ஒரு மீன்கார மனுசி எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள். "சைவக்காரத் தம்பி, உயிர் கிடந்தால்தானே விரதம் பிடிக்கலாம், சாப்பிடும்" என்று கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். நான் அங்கே குழம்பை வழித்து நக்கிக்கொண்டிருந்த நாட்களில், இங்கே என் பெண்சாதி என்னைச் செத்தவர் கணக்கில் வைத்துவிட்டுப் பிள்ளையாரின் படியில் விழுந்து கிடந்திருக்கிறாள். சண்டை ஓய்ந்து நான் படலையைத் திறந்தபோது, "சாப்பிட்டியளோ?" என்றுதான் கேட்டாள். என்ன நேர்ந்தாள் என்று சொல்லவில்லை. நானும் கருவாட்டைச் சொல்லவில்லை.

பிறகு நேர்த்தி ஒத்திப் போய்க்கொண்டே இருந்தது. மகள் அருந்ததிக்குக் கலியாணம் வந்தது, அவள் புருஷனோடு கொழும்புக்குப் போனாள். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் யாழ்தேவி நின்றது. சிலிப்பர்க் கட்டைகளும் தண்டவாளமும் பங்கருக்குப் போக, கொக்குவில் ஸ்டேஷனில் ஆடு மேய்ந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, மருந்து ஒன்றும் குடாநாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. நாங்கள் வெளியே போக ஆனையிறவில் பாதையில்லை. போயே ஆகவேண்டியவர்கள் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறினார்கள், சிலர் போய்ச் சேரவில்லை. நாங்கள் வீட்டில் இருந்தோம்.

தொண்ணூற்று மூன்று சித்திரையில் ஒருநாள், மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். பக்கத்து ஒழுங்கையில் இருந்த சீவரத்தினம் ஐயாவைக் கூட்டி வந்தார்கள். அவர் பென்சன் எடுத்த அப்போதிக்கரி. டாக்குத்தர்மார் இல்லாத அந்த நாளில் எங்களுக்கு அவர்தான் பெரியாஸ்பத்திரி. காதில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "வாய்வு. கிழங்கைக் குறை" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.

அவர் படலையைச் சாத்துமுன்பே ஞானாம்பிகை என் கட்டிலில் வந்து இருந்தாள்.

"உது வாய்வு இல்லை. பிள்ளையார் கேக்கிறார்."

"என்னத்தைக் கேக்கிறார்?"

"நீங்கள் வராமல் நிண்ட அந்தக் கிழமை நான் நேந்தனான். என்ரை வாயிலை போற அரிசியிலை மிச்சம் பிடிச்சு, என்ரை நிறைக்கு நிறை தாறன், அவரைத் தா எண்டு. ஆறு வரியமாய் ஒரு பிடி குடுக்கேல்லை."

"ஏனப்பா உப்பிடி நேந்தனீர்? ஒரு வாழைக்குலை எண்டு சொல்லியிருக்கலாமே?"

"ஒரு வாழைக்குலைக்கு உங்களைத் தருவாரோ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெளியில் வாங்கிக் கொடுக்கலாம் என்றேன், மகளிடம் கேட்கலாம் என்றேன். தன் வாயிலிருந்து எடுப்பதாகச் சொன்னதை வேறொருவர் எப்படிக் கொடுப்பது என்று கேட்டாள். அவளுக்கு அது ஒளிவுமறைவில்லாத கணக்கு: நேர்த்தி முடிந்தால் நான் இருப்பேன், முடியாவிட்டால் போய்விடுவேன். இனி என்ன வாய்ப்பேச்சுப் பேசி என்ன.

கூட்டுறவுச் சங்கக்கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்றாள். மனேச்சர் தியாகராசா நல்ல மனிதர். மற்றச் சனத்தை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டுப் பார்த்தார். நூற்றெண்பத்து நாலு இறாத்தல். வீட்டுக்கு வந்து அவளே திட்டம் போட்டாள். உலை வைக்கிற ஒவ்வொரு முறையும் தன் பங்கு அரிசியை அளந்து, அதில் சரிபாதியைத் திருப்பி எடுத்து நேர்த்திப் பானையில் போடுவது. பானை ஏறும், தான் இறங்குவாள், இரண்டும் சந்திக்கிற இடத்தில் மணி அடிக்கும். தொண்ணூற்றைந்து ஆவணித் திருவிழாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். பார்சல் கிளாக்கரான எனக்கே அந்தக் கணக்கில் பிழை தெரியவில்லை. பிழை உடம்பில் இருந்தது.

முதல் சில மாதம் எல்லாம் அவள் நினைத்தபடி நடந்தது. சட்டைகள் தொளதொளத்தன. காப்பு முழங்கை வரை ஓடியது. கோயிலில் கண்டவர்கள், "என்ன அக்கா, சுகமில்லையோ?" என்று கேட்க, அவளுக்கு உள்ளூரப் பெருமை. மாதத்துக்கொருமுறை சங்கக்கடைக்குப் போய் வந்து பானையின் உட்பக்கத்தில் கரிக்கட்டியால் கோடு கிழித்து வைப்பாள். கோடு ஏற ஏற அவள் முகம் தெளிந்தது. நானும் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். "இஞ்சரும், மெலிஞ்சால் என்ரை கண்ணுக்கு வேறை ஆள் மாதிரித் தெரியுது, பாத்து" என்பேன். "வயது போன காலத்திலை உங்களுக்கு வேறை ஆள் ஒரு கேடு" என்பாள். நன்றாகத்தான் இருந்தோம்.

அடுத்த தை பிறந்தபோது தராசின் முள் நூற்று ஐம்பதில் நின்றது. மாசியிலும் அதே நூற்று ஐம்பது. பங்குனியில் ஒன்று கூடியிருந்தது.

"தியாகராசா, தராசு பிழை" என்றேன்.

"அண்ணை, காலமை அரிசி மூட்டை நிறுத்தது. தராசு சரி."

ஞானாம்பிகை தராசிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தாள். அன்று தன் பங்கைப் பாதியில் பாதியாக்கினாள். பகலில் ஒரு அகப்பைச் சோறு, முருங்கையிலை வறை, இரவில் கஞ்சித் தண்ணீர். சித்திரையில் நூற்று நாற்பத்தெட்டு. வைகாசியிலும் அதுதான். சோறு குறைந்தது, அவள் குறையவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுக் குணலட்சுமி வேலிக்கு மேலால் எட்டி, "அக்கா காத்தைக் குடிச்சே உப்பிடி இருக்கிறா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு வாய் நீளம், மனது கெட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் புகுந்துகொண்டது. ஒரு பிடிச் சோற்றில் ஒரு மனுஷி நூற்று நாற்பத்தெட்டு இறாத்தல் எப்படி இருப்பாள்? ஒருநாள் மத்தியானம் படுத்திருக்கிறேன் என்று அவள் நினைத்திருக்க, அடுப்படிக்குச் சத்தமில்லாமல் போய் எட்டிப் பார்த்தேன்.

அவள் நிலத்தில் கால் நீட்டி இருந்தாள். மடியில் நேர்த்திப் பானை. வலது கை முழங்கை வரை அரிசிக்குள் புதைந்து கிடந்தது. கண்ணை மூடியிருந்தாள். வாய் அசையவில்லை.

"என்ன செய்யிறீர்?"

"ஒண்டுமில்லை. குளிருது. அரிசிக்குள்ளை சூடாய்க் கிடக்கு."

சித்திரை வெயில் போகாத வைகாசி மாதம். எனக்கு முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. கிட்டப் போய் மற்றக் கையைத் தொட்டேன், விறைத்துப் போயிருந்தது. எனக்கு அவள்மேல் வந்த இரக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், "போர்வை எடுத்துப் போர்க்கிறதுக்கு என்ன?" என்று ஏசிவிட்டு வந்தேன்.

பின்னேரமே சீவரத்தினம் ஐயாவைக் கூட்டி வந்தேன். அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். கண் மடலை இழுத்துப் பார்த்தார். சீப்பில் சுற்றிக் கிடந்த மயிரைப் பார்த்தார். காலில் பெருவிரலால் அமத்தினார். அமத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, கேக்கக் கூடாது. இவ ஒளிச்சுத் தின்னுறாவோ?"

"விசரன் மாதிரிக் கதையாதை. உன்ரை வீட்டிலை என்ன விளக்கு?"

"ஜாம் போத்தில் விளக்குத்தான். வேறை என்ன கிடக்கு?"

"எண்ணெய் கொஞ்சமாய்க் கிடைச்சால் எப்பிடி எரிப்பாய்?"

"திரியை இறக்கி விடுவன்."

"உடம்பும் உதைத்தான் செய்யுது. அதுக்கு நேத்தி தெரியாது, பிள்ளையார் தெரியாது. பஞ்சம் வந்திட்டுது எண்டு மட்டும் தெரியும். வாறது குறைஞ்சால் செலவைக் குறைக்கும். நாடி மெள்ள அடிக்கும், கை கால் சில்லிடும், மயிருக்கு ஏன் சாப்பாடு எண்டு அதை உதிர்க்கும். முந்தி ஓடித் திரிஞ்ச ஆளை இருந்த இடத்திலையே இருக்க வைக்கும், அவவுக்கே தெரியாது. முந்தி மெலிஞ்ச சாப்பாட்டிலை இப்ப அவ அப்பிடியே நிப்பா. இன்னும் குறைச்சால் திரியை இன்னும் இறக்கும். காலிலை நீரும் கட்டுது, அதுவும் தராசிலை ஏறும்."

"பசி இருக்காதோ?"

"மெலிஞ்ச ஆளுக்குப் பசி கூட. நாள் முழுக்கச் சாப்பாட்டைத்தான் நினைக்க வைக்கும். தின், தின் எண்டு அரிக்கும். நீ கேட்டுப் பார், சொல்லமாட்டா."

"பேந்து வடிவாய்ச் சாப்பிட்டால்?"

"திரி உடனை ஏறாது. ஒருக்காப் பட்டது, திரும்பவும் பஞ்சம் வரும் எண்டு வாறதையெல்லாம் சேர்த்து வைக்கும். முந்தியிலும் பாக்கப் பெருப்பா. பெருத்தால் பெருக்கட்டும். மெள்ள மெள்ளச் சாப்பாட்டைக் கூட்டு. உப்பிடியே விட்டால் உவ தராசிலை இறங்கமாட்டா, கட்டிலிலைதான் விழுவா."

அவளுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "அப்ப நான் இறங்கமாட்டன் எண்டால் பானைதான் ஏறவேணும்" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டாள். அவளை எதிர்த்து என்ன செய்ய? எனக்குக் கைகால் கட்டிப் போட்டது போல இருந்தது. என் உயிருக்காக ஒருத்தி என் கண்ணெதிரே பட்டினி கிடக்கிறாள், எனக்கு அந்த உயிர் வேண்டாம் என்று சொல்லவும் உரிமையில்லை.

அடுப்படி அந்த வருஷம் பெரிய வதையாகிப் போயிற்று. அவள் தான் தின்னாததை எல்லாம் எனக்குச் சமைத்தாள். இருக்கிற கொஞ்சத் தேங்காயில் பால் பிழிந்து சொதி வைப்பாள், புட்டு அவிப்பாள், ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுவாள். நான் தின்னும்போது எதிரில் இருந்து ஒவ்வொரு வாயாகப் பார்ப்பாள். "உப்புக் காணுமோ? புளி கூடிப்போச்சோ?" என்று கேட்பாள். பின்னேரங்களில் சுவரில் சாய்ந்துகொண்டு, மகளின் கலியாணத்துக்கு எத்தனை கறி வைத்தோம், பயற்றம் பணியாரத்துக்குப் பாகு எந்தப் பதம் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே போவாள். இடையில் அப்படியே தூங்கிவிடுவாள்.  ஒருநாள் சோற்றுக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பப் பார்த்தேன்.

"இருங்கோ. நீங்கள் சாப்பிடாமல் விட்டால் நான் ஆருக்காக உதைச் செய்யிறன்?"

இருந்து தின்று முடித்தேன்.

அந்த ஆற்றாமையில் ஒரு களவு செய்தேன். என் பங்கு அரிசியில் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி எடுத்து அவள் பார்க்காத நேரம் பானையில் போட்டுவந்தேன். கரிக் கோட்டை மறந்துவிட்டேன். மாதக் கடைசியில் அவள் பானையை எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடியிருந்த அரிசியைச் சுளகில் அள்ளி வேலிக்கு மேலால் குணலட்சுமியிடம் கொடுத்துவிட்டாள். "பிள்ளையாரை ஏமாத்தி உங்களை வைச்சிருக்கிறதெண்டால் எனக்கு ராவிலை நித்திரை வருமோ?" என்றாள். அதற்குப் பிறகு பானைக்குத் துணி கட்டி முடிச்சுப் போட்டாள். பூச்சி பிடிக்காமல் வேப்பிலை மாற்றுவதும், வெயிலில் காய வைப்பதும், பானை நிறைந்த பிறகு சாக்கில் கட்டுவதும் எல்லாம் அவளே.

அருந்ததி கொழும்புக்கு வந்துவிடச் சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினாள். கிளாலிக்குப் போகிற ஒரு கூட்டத்தோடு போக ஒழுங்கும் பண்ணினேன். "நேத்தி முடியாமல் கடல்லை ஏறினால் நடுக்கடல்லை கேப்பார்" என்று சொல்லி அவள் அசையவில்லை. அவளை விட்டு நான் எப்படிப் போவது? குடாநாடு அடைபட்டுக் கிடந்தது. அதற்குள்ளே எங்கள் வீடு, வீட்டுக்குள்ளே அந்தச் சாக்கு. நான் சாக்கின் காவல்காரனாக இருந்தேன்.

தொண்ணூற்றைந்து பிறந்து பேச்சுவார்த்தை நடந்த சில மாதம் கடைகளில் சவர்க்காரமும் பிஸ்கற்றும் தலை காட்டின. ஒரு பிஸ்கற் பெட்டியைக் கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். கையில் எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "நீங்கள் தேத்தண்ணியோடை சாப்பிடுங்கோ" என்றாள். சித்திரையில் திரும்பவும் சண்டை வெடித்தது. ஆவணித் திருவிழா வந்தது. அதன் கடைசி நாள் காலையில் சாக்கைச் சைக்கிளில் கட்டிச் சங்கக்கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தோம். சாக்கு நூற்று இருபத்தொன்பது. அவள் நூற்று நாற்பத்தேழு.

"இன்னும் கொஞ்சம்தானே" என்றாள். அவள் முகத்தைத் தியாகராசா பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அன்று பின்னேரம் கொடியிறக்கத்துக்கு அவள் வரவில்லை, தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டாள்.

ஐப்பசி கடைசியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. ஆமி வருகிறது, எல்லோரும் உடனே எங்கள் பக்கமான வலிகாமத்தை விட்டுப் பாலத்துக்கு அங்கால் தென்மராட்சிக்குப் போகவேண்டும். சனம் அன்று பின்னேரமே றோட்டை நிறைத்துவிட்டது. நாங்கள் விடியப் புறப்பட்டோம். ஒரு சைக்கிள். அதன் கரியரில் என்ன கட்டுவது என்று நான் யோசிக்கவே இல்லை, அவள் சாக்கை இழுத்து வந்து நிறுத்திவிட்டாள். அவள் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாக்கில் ஒரு கையை வைத்தபடி பின்னால் நடந்தாள்.

அரியாலை வரை வருவதற்கே மத்தியானம் திரும்பிவிட்டது. மழை வேறு. நாலு இலட்சம், ஐந்து இலட்சம் என்றார்கள், எனக்குத் தெரியாது. முன்னால் ஒருவரின் முதுகு, பின்னால் ஒருவரின் மூச்சு, அவ்வளவுதான் கண்டேன். நிற்கவும் முடியாது, வேகமாக நடக்கவும் முடியாது. திரும்பிப் பார்த்தேன், சாக்கில் அவள் கை இல்லை. கொஞ்சம் பின்னால் றோட்டோரம் ஆலமரத்தின் கீழ் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலின் படியில் குந்தியிருந்தாள். சைக்கிளைத் திருப்பிச் சனத்தோடு இடிபட்டுப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு காலும் வீங்கிச் செருப்பின் வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"எனக்கு ஏலாது. நீங்கள் அரிசியைக் கொண்டு போங்கோ. நான் மெள்ள மெள்ள வாறன்."

"உந்தச் சனத்துக்குள்ளை மெள்ள வாறதோ? எங்கை வந்து என்னைத் தேடுவீர்?"

"தேடிப் பிடிப்பன். அரிசியைக் கொண்டு போங்கோ."

கோயில் மடத்தில் நாலைந்து பேர் பெரிய கிடாரம் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கோப்பையோடு நின்றன. அரிசி முடிகிறது என்று ஒருவன் சத்தம் வைத்தான். எனக்கு முன்னால் செம்மணி வெளி, அதற்கு அங்கால் நாவற்குழிப் பாலம். கையில் ஒரு சைக்கிள். அதில் ஒன்றைத்தான் ஏற்றலாம்.

கயிற்றை அவிழ்த்தேன். சாக்கு நழுவி நிலத்தில் விழுந்தது.  அவள் என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன செய்யிறியள்? அது உங்கடை உயிர்."

"என்ரை உயிருக்கு நடக்கேலாமல் கிடக்கு. ஏறும்."

"இன்னும் நிறுக்கேல்லை. ஐயர் இல்லை, தராசு இல்லை."

"பிள்ளையார் கோயில் வாசல்லைதானே இறக்கினனான். உந்தப் பிள்ளையாரும் எங்கடை பிள்ளையாரும் வேறை வேறையோ? ஏறும் எண்டு சொல்லுறன்."

கஞ்சி காய்ச்சியவர்கள் சாக்கை இழுத்துக்கொண்டு போனார்கள். வேப்பிலையோடு அரிசி சுளகில் கொட்டுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே எழும்பிக் கரியரில் ஏறி இருந்தாள். நான் சைக்கிளைத் தள்ளத் தொடங்கினேன். செம்மணி வெளியில் காற்று எதிர்த்து வீசியது. கொஞ்ச தூரம் போன பிறகு, என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் மெல்லக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ. எவ்வளவு குறைஞ்சுது?"

நான் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நின்று, ஒருமுறை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன், ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி.

"குறையேல்லை. காலமையிலிருந்து அரிசியைத் தள்ளினனான், இப்ப உம்மைத் தள்ளுறன். கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியேல்லை. சரிமட்டம்."

"மெய்யாயோ?"

"நான் நிறையிலை பொய் சொல்லி நீர் கேட்டிருக்கிறீரோ?"

 பாலத்துக்குக் கிட்ட வந்தபோதுதான் மறுபடி வாய் திறந்தாள்.

"எனக்குப் பசிக்குது."

இரண்டு வருஷத்துக்கு மேலாக அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. கைதடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனத்துக்குக் கஞ்சி ஊற்றினார்கள். ஒரு கோப்பை குடித்தாள். கோப்பையைத் திரும்ப நீட்டினாள். இரண்டாவதையும் குடித்துவிட்டு, மழைத் தண்ணீரும் கண்ணீருமாக என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

இப்போது மார்கழி. மீசாலையில் ஒருவரின் தென்னங்காணிக்குள் கிடுகுக் கொட்டிலில் இருக்கிறோம். திரும்பிப் போகவும் வழியில்லை, முன்னே போகவும் வழி தெரியவில்லை. நிவாரண மாவில் ஒருவேளைப் புட்டு, ஒருவேளைக் கஞ்சி. அந்தச் சாப்பாட்டில் நான் பழையபடி ஈர்க்கு. அவள் சீவரத்தினம் ஐயா சொன்னது போலவே பெருத்துக்கொண்டு வருகிறாள். அந்த உடம்பு ஒவ்வொரு பருக்கையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சட்டை திரும்பவும் இறுகுகிறது. நிவாரண வரிசையில் நிற்கிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கதைக்கிறார்கள். ஒருத்தி என்னிடமே, "ஐயா வீட்டிலை கனக்கக் கட்டிக்கொண்டு வந்தனீங்கள் போலை" என்றாள்.  ஞானாம்பிகைக்கு அது உறைப்பதில்லை. நேர்த்தி முடிந்துவிட்டது, மனுஷன் இருக்கிறார் என்று சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுக்கிறாள். என் நெஞ்சில் வாய்வு பிடித்தால்கூட ஒரு இஞ்சித் துண்டைத் தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.

சாக்கு குறைவுதான். அவளை ஏற்றித் தள்ளிய முதல் அடியிலேயே என் கைக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை இறாத்தல் என்றும் தெரியும். அதை அவளுக்குச் சொல்லமாட்டேன். மிச்சம் வேண்டுமென்றால் பிள்ளையார் என்னிடம் வந்து கேட்கட்டும்.